படுத்தே கிடப்பது ஓய்வு அல்ல

கேள்வி: ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய்க்காக என் அப்பா (வயது 61) மருத்துவமனையில் இருக்கிறார். கீமோ தொடங்கி இன்று 14-வது நாள். ஏழு நாள் மருந்து முடிந்துவிட்டது. கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஏறும்வரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்கிறார்கள். பகல் முழுவதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிறார். இரவில் விழித்துக் கிடக்கிறார். முந்தாநாள் இரவு இரண்டு மணிக்கு, "பஸ் வந்துவிட்டது, பையை எடு" என்று என்னை அவசரப்படுத்தினார். காலையில் கேட்டால் அவருக்கு நினைவில்லை. சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. நர்ஸ் அவரை எழுந்து உட்காரச் சொல்கிறார். உறவினர்களோ, "இவ்வளவு பெரிய நோய், பாவம், படுத்திருக்கட்டும்" என்கிறார்கள். நானும் தம்பியும் மாறி மாறித்தான் பார்த்துக்கொள்வதாக இருந்தோம். ஆனால் பயத்தில் நான் 11 இரவுகளாக அங்கேயே இருக்கிறேன். அவரைப் படுக்க விடுவதா, எழுப்புவதா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

எழுப்புங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. முந்தாநாள் இரவு நடந்ததை வார்டு மருத்துவரிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். அது அரைத்தூக்கப் பேச்சாகவும் இருக்கலாம். டெலிரியம் என்ற திடீர் மனக்குழப்பமாகவும் இருக்கலாம். கிருமித்தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, சில மருந்துகள், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் என்று அதற்குக் காரணங்கள் பல. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் தலைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டியிருக்கலாம். குழப்பத்தோடு கடும் தலைவலி, வாந்தி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, எழுப்பினாலும் தெளியாத உறக்கம் என எது சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மணியை அழுத்துங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நோயாளி படுத்திருந்தால் உடம்பு சக்தியைச் சேமிக்கும் என்று நாம் எல்லோரும் நம்பி வளர்ந்திருக்கிறோம். அது சரியல்ல. நோயே இல்லாத முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கவைத்து ஒரு முறை ஆய்வு செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. உங்கள் அப்பாவோ நோயாளி. சரியாகச் சாப்பிடவும் இல்லை. மல்லாந்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி நன்றாக விரியாது, சளி தேங்கும். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் இந்த வாரத்தில் நிமோனியாவுக்கு அது வாசல் திறந்துவிடும். நர்ஸ் அவரை எழுப்புவது இரக்கமில்லாமல் அல்ல. உட்கார்ந்திருப்பதும் இந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி.

எழுப்பும் முறை முக்கியம். படுத்திருப்பவரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தாதீர்கள். முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். பிறகு கால்களைத் தொங்கவிட்டு விளிம்பில் இரண்டு மூன்று நிமிடம் உட்காரட்டும். கண் இருட்டவில்லை என்றால் நிற்கலாம். தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது ஒரு சின்ன விழுதலும் பெரிய ஆபத்து. ஆகையால் வழுக்காத செருப்பு வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும், டிரிப்ஸ் ஸ்டாண்டின் வயர் காலில் சிக்காமல் இருக்க வேண்டும். காய்ச்சல் அடிக்கும் நாளிலும் ஹீமோகுளோபின் மிகவும் இறங்கிய நாளிலும் நாற்காலியில் உட்கார்வதே போதும். "இன்று நடக்கலாமா?" என்று ஒவ்வொரு காலையும் ரவுண்ட்ஸில் கேளுங்கள். கவுன்ட் தினமும் மாறும், அதோடு பதிலும் மாறும்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே நோய்க்காக என்னிடம் ஐந்து வாரம் சிகிச்சை பெற்ற ஒருவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர் பகலில் மருத்துவமனை உடுப்பில் இருக்க மறுத்தார். கையில் பிக் லைன் (மருந்து ஏற்றக் கை நரம்பு வழியே செலுத்தி வைக்கும் நீண்ட மெல்லிய குழாய்) இருந்ததால் சட்டை போட முடியவில்லை. அவர் மனைவி ஒரு சட்டையின் இடது கையைத் தோள்வரை பிரித்து, ஓரம் அடித்து, நான்கு பிரஸ் பட்டன் தைத்துக் கொண்டுவந்தார். தினமும் காலை உடம்பைத் துடைத்ததும் அந்தச் சட்டை, கைக்கடிகாரம், கண்ணாடி. இரவு எட்டரைக்குத்தான் எல்லாவற்றையும் கழற்றுவார். மோசமான நாட்களிலும், எழுந்து நிற்க முடியாதபோதுகூட, சட்டையைப் போட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அவருக்குப் பகல் எது, இரவு எது என்பதில் கடைசிவரை குழப்பம் வரவில்லை.

சட்டை நோயைக் குணப்படுத்தாது, அது எனக்குத் தெரியும். ஆனால் வார்டில் விளக்கு எப்போதும் எரிகிறது. அதிகாலையில் ரத்தம் எடுக்க வருகிறார்கள், நள்ளிரவில் பம்ப் கூவுகிறது. நாள் என்பதன் உருவமே அங்கு கலைந்துவிடுகிறது. அதைத் திரும்பக் கட்டிக் கொடுப்பது குடும்பத்தாரால் முடிகிற காரியம். 70 வயதைக் கடந்த 852 உள்நோயாளிகளிடம் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. தேதியையும் இடத்தையும் நினைவூட்டுவது, நடக்கவைப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, கண்ணாடியையும் செவிக்கருவியையும் மறக்காமல் கொடுப்பது, மாத்திரை இல்லாமல் தூங்க உதவுவது, இவைதான் அதில் செய்யப்பட்டவை. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த மனக்குழப்பம், இவையெல்லாம் செய்யப்பட்டவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

ஆகவே காலையில் திரையை விலக்குங்கள். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். கிழமையைச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். மதியம் முக்கால் மணி நேரம் தூங்கலாம். மூன்று மணிக்கு மேல் வேண்டாம். இரவில் பார்க்க வேண்டிய நாடி, ரத்த அழுத்தம், மருந்து எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே நேரத்தில் செய்ய முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள். எப்போதும் முடியாது என்றாலும் கேட்பதில் தவறில்லை. வீட்டிலிருந்து தூக்க மாத்திரை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிடாதீர்கள், குழப்பம் இன்னும் மோசமாகும். காய்ச்சல் மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டிய நிலைமை அது. நீங்களாகக் காய்ச்சலை அடக்கிவிட்டால் அந்த எச்சரிக்கை எங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

சாப்பிடாததற்கு அடம் காரணம் என்று எண்ண வேண்டாம். டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். இந்த வாரத்தில் வாயிலும் தொண்டையிலும் புண் வருவது வழக்கம். எச்சில் விழுங்குவதே எரியும். நாக்கில் இரும்புச் சுவை தெரிவதாகப் பலர் சொல்வார்கள். புண் இருந்தால் வலியை மரக்கச் செய்யும் மருந்து உண்டு, கேட்டு வாங்கி அவர்கள் சொல்கிறபடி சாப்பாட்டுக்கு முன் கொடுங்கள். மென்மையான பிரஷ், வார்டில் சொல்லும் வாய் கொப்பளிப்பு இரண்டையும் விடாதீர்கள். தட்டு நிறைய வைத்து மிரட்டாமல், ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக, ஆறிய உணவாகக் கொடுங்கள். சூடான உணவின் வாசனைதான் பலருக்குக் குமட்டும்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். களைப்பாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். "தைரியமாக இருங்கள்" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, பயத்தைச் சொல்ல அவருக்கு ஆளே இல்லாமல் போயிருக்கும். ஒரு மாலை, யாரும் இல்லாதபோது, "எதை நினைத்துக் கவலையாக இருக்கிறது அப்பா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்காருங்கள். உடனே பதில் வராது. சின்னச் சின்ன முடிவுகளை அவர் கையில் விடுங்கள்: முதலில் துடைத்துக்கொள்வதா, நடப்பதா, யார் வந்து பார்க்கலாம், யார் வேண்டாம். அங்கே அவருடைய ரத்தம், சிறுநீர், எடை எல்லாவற்றையும் மற்றவர்கள் அளக்கிறார்கள். ஏதாவது ஒன்றாவது அவர் சொல்லி நடக்க வேண்டும். வாழ்வதில் விருப்பமில்லை என்ற தொனியில் பேசினால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

இந்தச் சிகிச்சையில் கீமோ தொடங்கிய இரண்டாவது வாரத்தையொட்டிக் கவுன்ட் மிகத் தாழ்ந்து, பெரும்பாலும் நான்காவது வாரவாக்கில் ஏறத் தொடங்கும். நீங்கள் இப்போது பள்ளத்தின் அடியில் நிற்கிறீர்கள். அப்பா மெலிந்திருப்பதை மட்டும் வைத்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அதை எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைதான் சொல்லும்.

11 இரவு என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவு தம்பி வார்டில் இருக்கட்டும். மருத்துவரை எதற்காக, எப்போது எழுப்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். காலையில் வரும்போது, பிக் லைன் இருக்கும் கைக்கு ஏற்றபடி ஒரு பழைய சட்டையைப் பிரித்துத் தைத்துக் கொண்டுவாருங்கள்.