ஒரு கண்மாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்: புவியியல் பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகள்

கேள்வி: எனக்குச் சிவகங்கை மாவட்டம். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல் முதலாண்டு படிக்கிறேன். சீனியர்கள் ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் முறை) படி என்கிறார்கள், யு.பி.எஸ்.சி.க்குத் தயாராகு என்கிறார்கள். வீட்டில் பி.எட். முடித்து டீச்சராகச் சொல்கிறார்கள். தனியார் மையம் ஒன்று ஜி.ஐ.எஸ். சான்றிதழுக்குப் பெரிய தொகை கேட்கிறது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் பணத்தைப் பற்றி. அந்த மையத்தில் இப்போது சேராதீர்கள். தொடக்க நிலையில் தேவைப்படும் வேலை அனைத்தையும் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளிலேயே பழகிவிடலாம். இஸ்ரோவின் கீழ் டேராடூனில் இயங்கும் ஐ.ஐ.ஆர்.எஸ். நிறுவனம் கட்டணமில்லாமல் இணையவழி வகுப்பு நடத்திச் சான்றிதழும் தருகிறது.

டீச்சரா, கலெக்டரா, ஜி.ஐ.எஸ். வேலையா என்பதை இந்த வருடமே முடிவு செய்ய வேண்டியதில்லை. எந்த இடத்தைப் படிக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள். நம் பிள்ளைகள் நிலத்தோற்றவியலுக்கு ஒரு நோட்டு, காலநிலையியலுக்கு ஒரு நோட்டு என்று தனித்தனியாகப் படித்து, பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள். கடைசி செமஸ்டர் புராஜெக்ட் வந்ததும் பழைய புராஜெக்டைத் தேடி அலைகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். உங்கள் ஊர்க் கண்மாயையும் அதற்கு மேலும் கீழும் உள்ள இரண்டு மூன்று கண்மாய்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமும் எல்லாப் பாடத்தையும் அங்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

முதலாண்டில் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போஷீட்டை (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாளை) எடுங்கள். அதில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. உங்கள் பகுதி அவ்வளவு சமதளம் என்பதால் சம உயரக் கோடுகள் அரிதாகத்தான் தென்படும். அப்படியானால் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது? கண்மாய்க் கரையைப் பாருங்கள். கரை எந்தப் பக்கம் வெளியே வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சரிவு. அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் நடங்கள். கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வழியும் இடம்) எங்கே, மடை எத்தனை, அங்கிருந்து வழிந்தோடும் மறுகால் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று மடை திறக்கும் பெரியவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வடிநிலம் பற்றிய பாடம் அதற்குப் பிறகு மறக்காது.

இரண்டாமாண்டில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை எடுங்கள். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். 2015-லிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிட்டால், எவ்வளவு பரப்பில் தண்ணீர் நின்றது, எங்கே சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது என்று தெரியவரும். கருவேலத்தை நீங்கள் கணக்கில் தவறாகப் பயிர் என்று சேர்த்துவிடலாம். நேரில் போய்ச் சரிபாருங்கள். தொலையுணர்வின் பாதி வேலை அதுதான். அதே ஆண்டில் புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். நம் துறையில் பலர் சறுக்குவது அங்கேதான். கொஞ்சம் பைத்தான் நிரலாக்கமும் சேர்ந்தால், வேலைக்குப் போகும் இடத்தில் வெறும் டிஜிட்டைசிங் (வரைபடத்தைக் கணினியில் கோடு கோடாக வரையும்) வேலையோடு நின்றுவிட மாட்டீர்கள். விருப்பப் பாடத்தை நண்பர்களோடு சேர்ந்து தேர்ந்தெடுக்காமல், நீரியலோ ஜி.ஐ.எஸ்.ஸோ இருந்தால் அதை எடுங்கள்.

மூன்றாமாண்டில் புராஜெக்ட் உங்கள் கையில் பாதி முடிந்திருக்கும். ஐந்தாம் செமஸ்டரில் பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியப் பணி என்றால் பி.எட்., பிறகு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள்; மேல்நிலை வகுப்புக்கு முதுகலையும் வேண்டும். யு.பி.எஸ்.சி. என்றால் புவியியல் விருப்பப் பாடத்துக்கு 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். உங்கள் மூன்று வருடப் படிப்பு அதற்கு நல்ல அடித்தளம்; ஆனால் கேள்விகளின் ஆழம் கல்லூரித் தேர்வைவிட மிக அதிகம். ஜி.ஐ.எஸ். என்றால் எம்.எஸ்சி. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ். அந்த நேர்முகத்தில் நீங்களே வரைந்த கண்மாய் வரைபடத்தை எடுத்து வையுங்கள்; ஐந்து சான்றிதழைவிட அது பேசும்.

தமிழ் வழியில் படிக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டின் புவியியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. அதனால் ஒவ்வொரு கலைச்சொல்லையும் முதலாண்டிலிருந்தே இரண்டு மொழியிலும் நோட்டில் எழுதி வாருங்கள்.