கை ஸ்டீயரிங்கில், கண் ரோட்டில்

கேள்வி: மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. வீட்டில் இருப்பது ஆட்டோமேட்டிக் கார். அதிலேயே ஓட்டப் பழகட்டுமா? (மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: கியர் வண்டியில் ஆரம்பிக்கட்டும் அம்மா. அப்புறம் ஆயுசு முழுக்க ஆட்டோமேட்டிக் ஓட்டினாலும் பரவாயில்லை. கிளட்சை மெதுவாக விடும்போது ஓரிடத்தில் வண்டி லேசாக முனகும், பானெட் ஒரு நூல் உயரும். எஞ்சினும் சக்கரமும் ஒன்றையொன்று பிடிக்கிற இடம் அது. காலால் அந்த இடத்தைக் கண்டுபிடித்தவனுக்கு, வண்டி என்ன சொல்கிறது என்று கவனிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் இரண்டாவது கியரில் போகச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் என்று தெரிந்தவன் அதை மதிப்பான். தெரியாதவன் மலை முழுக்க பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவான், பாதி வழியில் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் குறைக்க வசதி உண்டு. கியர் வண்டியில் பழகியவர்கள்தான் பெரும்பாலும் அதைத் தொடுகிறார்கள்.

கேள்வி: ஒரு மணி நேரத்தில் பெங்களூருக்குப் பறந்துவிடலாம். நீங்கள் ஏன் இன்னும் காரிலேயே போகிறீர்கள்? (கே.கே. நகர் வாசகர்)

பதில்: காற்றில் இருப்பதுதான் ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம், அங்கே பரிசோதனை வரிசை, காத்திருப்பு, இறங்கியதும் தேவனஹள்ளியிலிருந்து ஊருக்குள் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. காரில் சுமார் 350 கிலோமீட்டர், ஆறு ஏழு மணி நேரம். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

காரணம் கேட்டால், ஊர் மாறுவது உடம்புக்குத் தெரிய வேண்டும். சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, பெங்களூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில். ஸ்ரீபெரும்புதூர் வரை கன்டெய்னர் லாரிகளோடு மல்லுக்கட்டு. வேலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் குன்றுகள் நெருங்கி வரும். ஆம்பூரில் பிரியாணி, அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடிக்குப் பிறகு ரோடு ஏற ஆரம்பிப்பதை ஆக்சிலரேட்டரில் இருக்கிற கால் சொல்லிவிடும். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் நெருங்கும்போது ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள், காற்றே வேறு. சென்னையில் ஏசி, விமானத்தில் ஏசி, அங்கே போய் டாக்சியில் ஏசி என்று போகிறவருக்கு இந்த 900 மீட்டர் இருந்ததே தெரியாது.

அதற்காக நான் விமானத்துக்கு எதிரி இல்லை. டெல்லிக்கு யாராவது கார் ஓட்டுவார்களா? பறந்தால் பறப்பதைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஜன்னல் சீட்டுக்குத் தனியாகப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, ஷட்டரை மூடிக்கொண்டு போனில் சீரியல் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு பொறுக்காது. சென்னையில் இறங்கும்போது பல நாள் கிண்டிப் பக்கமாகத்தான் வருவார்கள். கத்திப்பாரா மேம்பாலத்தின் வளையங்கள் அத்தனையும் அப்படியே தெரியும், அந்தப் பக்கம் பரங்கிமலை. சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கையின் மேல் பட்டைகள் சடாரென்று எழும். அதுவரை விமானத்தைத் தூக்கிப் பிடித்த காற்றை அவை கலைத்துவிடும், மொத்த எடையும் சக்கரத்தில் இறங்கி பிரேக் பிடிக்கும். மணிக்கு இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் அளவில் வந்த வண்டி கண்ணெதிரில் அடங்குகிறது. அதையும் பார்க்காவிட்டால் அந்த ஜன்னல் எதற்கு?

ஒன்று சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை ஓட்டாதீர்கள். எவ்வளவு கெட்டிக்கார டிரைவரானாலும் அந்த நேரத்துத் தூக்கத்தை டீ குடித்து விரட்ட முடியாது.

கேள்வி: விமானம் குலுங்கினால் உயிர் போய் வருகிறது. இறக்கை வேறு ஆடுகிறதே? (பெரம்பூர் வாசகி)

பதில்: ஆட வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். வளையாத இறக்கைதான் ஆபத்து. பறக்கும் காலத்தில் எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்ச பாரம் எதுவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கிக் காட்டினால்தான் ஒரு விமான மாடலுக்கு அனுமதி. 2010இல் போயிங் 787ஐ இப்படிச் சோதித்தபோது, இறக்கை நுனி சுமார் 25 அடி மேலே வளைந்தது, உடையவில்லை. குலுக்கலில் காயம் படுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க பெல்ட்டைப் போட்டே வையுங்கள், விளக்கு அணைந்தாலும் கழற்ற வேண்டாம்.

கேள்வி: ஈசிஆரில் எதிரே வருகிறவர்கள் ஹை பீம் போட்டுக் கண்ணைக் குருடாக்குகிறார்கள். நாமும் பதிலுக்குப் போடலாமா? (நீலாங்கரை வாசகர்)

பதில்: கூடாது. போட்டால் இரண்டு குருடர்கள் ஒரே ரோட்டில். வேகத்தைக் குறைத்து, பார்வையை இடது ஓரத்துக் கோட்டில் வையுங்கள்.

கேள்வி: புதுக் கார் வாங்கப் போகிறேன். பெரிய டச் ஸ்கிரீன் இருக்கிற மாடலைத்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள். உங்கள் கருத்து? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: பாட்டுக்கும் மேப்புக்கும் ஸ்கிரீன் இருக்கட்டும். ஏசி, வைப்பர், பின் கண்ணாடிப் பனி நீக்கம், இதற்கெல்லாம் கையால் திருகவோ அழுத்தவோ பட்டன் இருக்கிற வண்டியாகப் பாருங்கள். திருகியைக் கண் பார்க்காமல் கை கண்டுபிடிக்கும். வழுவழுப்பான கண்ணாடியில் அது முடியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஏசியைக் கூட்ட இரண்டு வினாடி ஸ்கிரீனைப் பார்த்தால், மூன்று எம்டிசி பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகக் கணக்கு. நம் ஊரில் அந்த நீளத்துக்குள் ஒரு ஷேர் ஆட்டோ நிற்கும், ஒரு மாடு குறுக்கே வரும், பள்ளிக்கூடப் பையன் சைக்கிளைத் திருப்புவான். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனி பட்டன் கேட்கிறது. ஷோரூமில் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏசியைக் குறைத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கார்களில் உங்களுக்கு உயிர் எது? (திருவல்லிக்கேணி வாசகர்)

பதில்: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அம்பாசடர் கல்கத்தா பக்கத்து வண்டி, ஃபியட் பம்பாய் வண்டி, ஹெரால்ட் நம்ம மெட்ராஸ் வண்டி. தாம்பரம் தாண்டி வண்டலூர் பக்கத்தில் செய்தார்கள். என் அப்பா வைத்திருந்தார். அதன் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். புதுப்பேட்டைக்குப் போய் அப்பா பேரம் பேசி வாங்கி வரும் சாமான்களைத் துடைத்துக் கொடுத்தது நான்தான். எந்த ஸ்குரூ எங்கே போகும் என்று அப்படித்தான் கற்றேன். சோழவரம் ரேஸுக்கும் அவர்தான் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப்போரில் போட்ட விமான ஓடுதளம் அது. இப்போது ரேஸ் எல்லாம் இருங்காட்டுக்கோட்டையில். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 நடந்ததே, அன்றைக்கு அப்பா இல்லையே என்று நினைத்தேன்.

கேள்வி: மழைக்காலம் வருகிறது. வேளச்சேரியில் இருக்கிறோம். தண்ணீரில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது? (ஒரு வாசகி)

பதில்: சாவியைத் தொடாதீர்கள். தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். காற்று போகிற வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராட் வளைந்துவிடும், எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். ஆட்கள் பத்திரமாக இறங்குங்கள், தண்ணீர் வடிந்ததும் கட்டி இழுத்து ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எலெக்ட்ரிக் கார் என்றால், மூழ்கி எழுந்த வண்டியை மெக்கானிக் பார்க்கும் முன் சார்ஜில் போடவே கூடாது. இன்ஷூரன்ஸ் பாலிசியை இப்போதே எடுத்துப் படியுங்கள். எஞ்சினுக்கான கூடுதல் கவர் இல்லையென்றால், தண்ணீரில் ஸ்டார்ட் செய்து கெட்டுப்போன எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். உங்கள் ஏரியாவில் மழை அறிவிப்பு வந்ததும் மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்துகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ் போக வழி விட்டு, ஓரமாக நிறுத்துங்கள்.