பண்டிகைக்கு லீவு உண்டு, மாத்திரைக்குக் கிடையாது

ஐப்பசி பிறந்தால் மனநல டாக்டரான எனக்குக் கடிதங்கள் குவியும். தீபாவளி, கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவது, பொங்கல் என்று தை வரை ஓயாது. இந்த வாரம் சிலவற்றுக்கு மட்டும் பதில்.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டதிலிருந்து படபடப்பு, வியர்வை. ஈசிஜி, தைராய்டு நார்மல். போனால் "எப்போ கல்யாணச் சாப்பாடு?" என்பார்கள். ஊருக்குப் போகாமல் இருந்துவிடவா? (வாசகி, பெங்களூரு)

இந்த வருஷம் தப்பித்தால் அடுத்த வருஷம் படபடப்பு இரட்டிப்பாகும். தவிர்க்கத் தவிர்க்கத்தான் பயம் வளரும். நான்கு நாள் லீவை இரண்டு நாளாகச் சுருக்கிக்கொண்டு போங்கள். "நேரம் வந்தா சொல்றேன் அத்தை" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு முறுக்குத் தட்டோடு நகருங்கள். படபடப்பு பத்து நிமிஷத்தில் உச்சிக்குப் போய்த் தானே இறங்கும். அதுவரை மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். தோழி யாராவது போடும் படபடப்பு மாத்திரையில் பாதியைக் கடன் வாங்கிப் போடாதீர்கள்.

டென்ஷனுக்கு ஆறு மாதமாகச் சின்ன வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறேன். தீபாவளி அன்று மட்டும் கொஞ்சம் குடிக்கலாமா? (வாசகர், மதுரை)

மருந்துக் கடையில் பாதி மாத்திரை சின்னதும் வெள்ளையும்தான். பெயர் எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? பெயர் 'பாம்' என்றோ 'லாம்' என்றோ முடிந்தால், மதுவோடு சேரும்போது மூச்சையே அடக்கிவிடும். வேறு மாத்திரை என்றாலும் என் பதில், கூடாது.

தம்பிக்கு பைபோலார் (அதீத உற்சாகமும் அதீத சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்). நாலு வருஷமாக அதற்கு லித்தியம் மாத்திரை, நன்றாக இருக்கிறான். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுகிறான். விரதம் முடியும் வரை மாத்திரை வேண்டாம், ஐயப்பன் பார்த்துக்கொள்வார் என்கிறார் அப்பா. (வாசகி, திண்டுக்கல்)

வருஷம் தவறாமல் வரும் கடிதம் இது. மாலையைக் கழற்றிய கையோடு தம்பியையோ மகனையோ இழுத்துக்கொண்டு என் ஓ.பி. வாசலில் நிற்கும் குடும்பங்களும் வருஷம் தவறுவதில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குருசாமி யாரையும் நான் பார்த்ததில்லை. பிபி மாத்திரை இருமுடியோடு மலையேறுகிறது. மனசுக்குப் போடும் மாத்திரைக்கு மட்டும் என்ன தீட்டு? நாலு வருஷம் நன்றாக இருந்தது அந்த மாத்திரையால்தான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் சில வாரங்களிலேயே மேனியா, அதாவது அந்தக் கட்டுமீறிய உற்சாகம், திரும்பலாம்.

மாலை போடட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. விடிகாலைக் குளியல், சைவச் சாப்பாடு, குடி இல்லாத நாட்கள், நேரத்துக்கு நேரம் பூஜை எல்லாம் அவனுக்கு நல்லதே. ஆனால் உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாது, ரத்தத்தில் ஏறிவிடும். அதனால் உபவாசம் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் வேலை வேண்டாம். பம்பையிலிருந்து சன்னிதானத்துக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், வியர்த்துக் கொட்டும். அங்கே முழங்கால் வலிக்கு யாராவது டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் நீட்டுவார்கள். அவையும் லித்தியத்தை ஏற்றிவிடும், பாராசிட்டமால் போதும். கை நடுக்கம் அதிகமாகி வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரை போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று தூக்கம். போகும்போது ஒரு ராத்திரி வேனில், வரும்போது ஒரு ராத்திரி வேனில் கண்விழிப்பு என்றால், பைபோலார்காரருக்கு மேனியா எட்டிப் பார்க்க அதுவே போதும். பகலில் பயணம் செய்யும் குழுவாகப் பாருங்கள். கிளம்புவதற்கு முன் ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று லெவல் எடுங்கள். கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரை இருக்க வேண்டிய இடம் அவன் தோள்பை, வேன் மேலே கட்டும் மூட்டை அல்ல.

கணவர் பல வருஷமாகத் தினமும் ஒரு ஆஃப் பாட்டில் மது. மாலை போடும் அன்றே அடியோடு நிறுத்துவேன் என்கிறார். சந்தோஷமாக இருக்கிறது. (வாசகி, சேலம்)

கொஞ்சம் பொறுங்கள். இத்தனை குடித்த உடம்பு திடீர் நிறுத்தத்தைத் தாங்காது. முதல் நாளே நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, மூன்றாம் நாள் உளறல், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது என்று போகலாம். சாமி வந்துவிட்டது என்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த ஒரு வீடு எனக்குத் தெரியும். உயிர் போகிற விஷயம் இது. மாலைக்குப் பத்து நாள் முன்பே அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும், நடுக்கத்தை அடக்கிப் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையும் தருவார்கள்.

அவர் போய் ஏழு மாதம். எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. பக்கத்து வீட்டில் எண்ணெய் காயும் வாசனை வந்தாலே அழுகிறேன். டாக்டரிடம் போகலாம் என்கிறான் மகன். (வாசகி, நெய்வேலி)

ஏழு மாதத்தில் அழுவது வியாதி இல்லை அம்மா. அழுங்கள். தீபாவளி அன்று தனியாக மட்டும் இருக்க வேண்டாம். அவரைத் தெரிந்த ஒருவரை வரச்சொல்லி அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருங்கள். சாப்பாடும் தூக்கமும் அடியோடு போனாலோ, 'நானும் போய்விட்டால்' என்ற நினைப்பு வந்தாலோ மகன் சொல்வதைக் கேளுங்கள். நடுராத்திரியானாலும் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

எட்டுப் பேர் உள்ள வீட்டில் அதிரசம், முறுக்கு, மிக்சர் எல்லாம் நான் ஒருத்தியே செய்கிறேன். பண்டிகை முடிந்து ஒரு வாரம் தலைவலி, எரிச்சல். எந்தத் தியானம் நல்லது? (வாசகி, தஞ்சாவூர்)

தியானம் இருக்கட்டும். முறுக்குப் பிழிய மீதி ஏழு பேர் இருக்கிறார்களே?