கூந்தன்குளத்துப் பறவைகளுக்கு 600 மி.மீ. லென்ஸ் வேண்டுமா?

கேள்வி: நாங்குநேரி பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். கேனான் 1500டி கேமராவும் 55-250 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் பைக்கில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போய்ப் பறவைகளைப் படமெடுப்பது வழக்கம். பறவை சிறிதாக விழுகிறது, பெரிதாக்கினால் தெளிவாக இல்லை. தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய 150-600 லென்ஸை விற்கிறார். வாங்கலாமா? இருக்கிற லென்ஸிலேயே, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டர் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: டெலிகன்வர்ட்டர் வேண்டாம். கேனானின் சொந்த டெலிகன்வர்ட்டர்களான எக்ஸ்டெண்டர்கள் உங்கள் 55-250 லென்ஸில் பொருந்தாது. மற்ற நிறுவனங்களுடையவற்றில் சில மாட்டிக்கொள்ளும் என்றாலும் பயன் இல்லை. 250 மி.மீ.யில் உங்கள் லென்ஸ் அதிகபட்சம் எஃப்/5.6 வரை திறக்கும் (இந்த எண் கூடினால் திறப்பு சிறிதாகி ஒளி குறையும்). 1.4 மடங்கு கன்வர்ட்டர் போட்டால் அது எஃப்/8 ஆகும், 2 மடங்கு போட்டால் எஃப்/11. எஃப்/8-லும் எஃப்/11-லும் உங்கள் கேமராவின் வ்யூஃபைண்டரில் ஆட்டோஃபோகஸ் நம்பகமாக வேலை செய்யாது.

லென்ஸ் வாங்குவதற்கு முன் ஒரு சிறிய கணக்குப் போடுங்கள். பறவையின் நீளத்தை மீட்டரில் எடுத்து லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி, பறவை இருக்கும் தொலைவால் வகுங்கள். படம் பதியும் சென்சாரில் பறவை எத்தனை மி.மீ. விழும் என்று கிடைத்துவிடும். உங்கள் சென்சாரின் அகலம் 22.3 மி.மீ., உயரம் 14.9 மி.மீ.

கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள்ளேயே, தெருவோர மரங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் கூடு கட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாரை நின்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். 15 மீட்டர் தள்ளி நின்று 250 மி.மீ.யில் எடுத்தால் சென்சாரில் 16.7 மி.மீ. உயரத்துக்கு விழும். கேமராவைக் குத்தாகப் பிடித்தால் தலை முதல் கால் வரை அடங்கும். அதே இடத்தில் 600 மி.மீ.யில் எடுத்தால் 40 மி.மீ. ஆகிவிடும், பறவையின் மேல்பாதிதான் படத்தில் வரும். ஆக ஊருக்குள் எடுக்கும் படங்களுக்கு உங்களிடம் இருக்கும் லென்ஸே சரியான லென்ஸ். 150-600 லென்ஸை அங்கே 150-லிருந்து 250-க்குள்தான் பெரும்பாலும் பயன்படுத்துவீர்கள். அந்த வேலையைச் செய்ய 375 கிராம் லென்ஸ் ஏற்கெனவே இருக்கிறது.

ஏரிக்கரையில் கணக்கு மாறும். குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து முக்கால் மீட்டர் நீளம் இருக்கும். அது கரையிலிருந்து 80 மீட்டர் தள்ளி மிதந்தால் 250-இல் 2.3 மி.மீ. விழும், படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. 600-இல் 5.6 மி.மீ., அதாவது கால் பங்கு. சிறு பறவைகளுக்கு வாருங்கள். சிறால் மீன்கொத்தி 16 செ.மீ.தான். 20 மீட்டர் தொலைவில் அதை 600 மி.மீ.யில் எடுத்தாலும் 4.8 மி.மீ.தான் கிடைக்கும். உங்கள் 250 லென்ஸ் அதே அளவை எட்டேகால் மீட்டரில் கொடுத்துவிடும். கரையோர மீன்கொத்தி ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். அந்தக் கிளைக்குப் பத்து மீட்டர் தள்ளி, அசையாமல், பறவைக்குத் தெரியாதபடி தாழ உட்கார்ந்து காத்திருக்கப் பழகுங்கள். எந்த லென்ஸ் வாங்கினாலும் இந்தப் பழக்கம் உங்களுக்கு வேண்டும். எட்டாத பறவையை எட்டிப் பிடிக்கத்தான் பலரும் 600 மி.மீ. லென்ஸை வாங்குகிறார்கள். என் அனுபவத்தில் அது மிக நல்ல படம் தருவது பக்கத்தில் இருக்கும் சிறிய பறவையை எடுக்கும்போது. காரணம் காற்று.

வெயில் ஏற ஏறத் தரையும் தண்ணீரும் வெவ்வேறு வேகத்தில் சூடாகின்றன. அவற்றின் மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலைகின்றன. வெப்பம் மாற மாறக் காற்று ஒளியை வளைக்கும் அளவும் மாறுகிறது, பறவையிலிருந்து வரும் ஒளி நெளிந்து நெளிந்துதான் லென்ஸை எட்டுகிறது. தார்ச்சாலையில் மதிய வேளையில் தெரியும் கானல் இதுதான். நடுவில் இருக்கும் காற்று எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குப் படம் கெடும், லென்ஸ் நீண்டால் அந்தக் கெடுதலும் சேர்ந்து பெரிதாகும். விலை உயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது, கணினியில் கூர்மையைக் கூட்டினாலும் இறகு திரும்பி வராது. சோதித்துப் பார்ப்பது எளிது. பின்திரையில் காட்சி தெரியும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, அக்கரையில் ஏதாவது ஒரு குச்சியைப் பாருங்கள். அதன் ஓரம் நெளிந்துகொண்டே இருந்தால் தூரத்துப் படங்களை அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் இது தொடங்கிவிடும். விடிந்த முதல் ஒன்றரை மணி நேரத்தைத் தூரத்துப் பறவைகளுக்குக் கொடுங்கள், பிறகு ஊருக்குள் மரத்தடிக்கு வாருங்கள். காரிலிருந்து எடுப்பவர்கள் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, உள்ளேயும் வெளியேயும் வெப்பம் சமமாகும் வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல் வாசலிலேயே கானல் உண்டாகிவிடும்.

நீங்கள் சொல்லும் தெளிவின்மைக்குக் கானல் தவிர வேறு காரணமும் இருக்கலாம். பழைய படங்களைக் கணினியில் திறந்து, படத்தோடு பதிவாகியிருக்கும் விவரங்களில் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். 1/250, 1/400 வினாடி என்று இருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும். லென்ஸில் இருக்கும் இமேஜ் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் அசைவை அடக்காது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகத்தை நாமே தீர்மானிக்கும் டிவி (Tv) மோடில் வேகத்தை நிலையாக வைத்து, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பை 3200 என்று அமைத்துவிட்டால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ கூடினால் புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று பயந்து வேகத்தைக் குறைப்பவர்கள் அதிகம். புள்ளியை இன்றைய மென்பொருள்கள் நன்றாகவே நீக்கிவிடுகின்றன, அசைந்து கலங்கிய கண்ணை எதுவும் மீட்டுத் தராது.

ஃபோகஸுக்கு, அசையும் பறவையைத் தொடர்ந்து பின்பற்றும் ஏஐ சர்வோ முறை, ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும். உங்கள் கேமராவில் நெடுக்கு, குறுக்கு இரண்டு கோடுகளையும் உணர்வது அந்த ஒன்றுதான். அதைப் பறவையின் கண்ணில் வையுங்கள். 10 மீட்டரில் 600 மி.மீ., எஃப்/6.3 என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 7 செ.மீ.தான். சிறகில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். இருண்ட தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியைப் பாதியாக) குறையுங்கள். குறைக்காவிட்டால் இறகின் வரிகள் வெளுத்துப்போகும்.

இனி எந்த லென்ஸ் என்ற கேள்வி. உங்கள் நிலையில் நான் 150-600 வாங்கமாட்டேன், 100-400 வாங்குவேன். சிக்மாவும் டாம்ரானும் உங்கள் கேமராவில் மாட்டும் கேனான் இஎஃப் மவுண்டுக்கு 2017-இல் கொண்டுவந்த 100-400 லென்ஸ்கள் இரண்டுமே நல்லவை. எடை ஏறக்குறைய 1.1 கிலோ. சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி 1.93 கிலோ, டாம்ரானின் 150-600 ஜி2 சுமார் 2 கிலோ. இந்த எடை தவிர்க்க முடியாதது. 600 மி.மீ.யில் எஃப்/6.3 வேண்டும் என்றால் 600-ஐ 6.3-ஆல் வகுத்து வரும் 95 மி.மீ. விட்டத்துக்கு ஒளி நுழைய வழி வேண்டும். அத்தனை பெரிய முன்கண்ணாடி இல்லாமல் அது முடியாது. இப்போது உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்ந்து 850 கிராம். 150-600 போட்டால் 2.4 கிலோ. பைக்கில் முதுகில் சுமந்து போய், முக்கால் மணி நேரம் கையில் தூக்கிப் பிடித்து, பறவை எழும்பும் கணத்தில் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டிய எடை அது. கை சோர்ந்தால் நல்ல கணம் தப்பிப்போகும்.

400-க்கும் 600-க்கும் இடையில் நீங்கள் இழப்பது எவ்வளவு? 400-இல் எடுத்து, 600-இல் கிடைத்திருக்கும் அளவுக்கு வெட்டினால், உங்கள் 24 மெகாபிக்சலில் 10 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும். ஏ4 தாளில் 300 டிபிஐ தரத்துக்கு அச்சடிக்க 8.7 மெகாபிக்சல் போதும். 250-இல் எடுத்து அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 4 மெகாபிக்சல்தான். அதனால்தான் இப்போது பெரிதாக்கும்போது உடைகிறது. 250-லிருந்து 400-க்குப் போவது பெரிய தாவல், 400-லிருந்து 600-க்குப் போவது அதைவிடச் சிறியது. ஆனால் அந்தச் சிறிய தாவலுக்குத்தான் விலையும் எடையும் மிக அதிகம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கூந்தன்குளத்தில் ஏரி வாத்துகளும் சிறு பறவைகளும்தான் உங்கள் ஆசை என்றால், ஒற்றைக் கால் தாங்கியான ஒரு மோனோபாடும் சேர்த்து வாங்க மனமிருந்தால், 150-600 சரியான லென்ஸ்தான். முடிவு செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லென்ஸை இரவல் கேளுங்கள், அல்லது நகரத்தில் வாடகைக்கு எடுங்கள். திரும்பி வந்து படங்களின் விவரங்களைப் பாருங்கள். பிடித்த படங்களில் பெரும்பாலானவை 400-க்கு மேல் எடுத்தவையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னும் ஓரிரு ஆண்டில் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போது எதையும் வாங்காமல் பணத்தைச் சேர்த்து வையுங்கள். கேனானின் மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் 100-400 லென்ஸ் வெறும் 635 கிராம். ஆர்10 போன்ற மிரர்லெஸ் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்துத் தொடர்கின்றன. ஆர்எஃப் லென்ஸ் உங்கள் 1500டி-யில் மாட்டாது. இஎஃப் லென்ஸை அடாப்டர் வழியாக மிரர்லெஸ்ஸில் மாட்டலாம்.

நீண்ட லென்ஸைப் பிடிக்கும் விதமும் முக்கியம். இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், நடுவுக்கும் சற்று முன்னால் இருக்கட்டும். இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். மூச்சை மெல்ல விட்டபடி அழுத்துங்கள். கைப்பிடிச் சுவர் கிடைத்தால் ஒரு துணிப்பையில் பச்சைப்பயறு நிரப்பி அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள், எந்த மோனோபாடையும்விட நன்றாக நிற்கும். டிரைபாடில் இறுக்கி வைத்திருந்தால் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். வெயில் மறைப்பான ஹூடை எப்போதும் போட்டிருங்கள். மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். நீண்ட லென்ஸில் அது கூர்மையைத் தின்றுவிடும்.

கூடுகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். தாய்ப்பறவை எழுந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் நேரடி வெயிலில் கிடக்கும், காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். பறவை கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கத் தொடங்கினால் இரண்டடி பின்வாங்குங்கள். படத்துக்காக மறைக்கும் கிளையை விலக்குவதும், கைதட்டிப் பறக்க வைப்பதும் செய்யவே கூடாத காரியங்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கொல்லையையே அந்தப் பறவைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய லென்ஸ் எதுவானாலும் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில. இருபுறமும் மூடியைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னாலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஒன்றிரண்டு தூசி பற்றிக் கவலை வேண்டாம். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, லென்ஸின் கடைசி மி.மீ.யில் முழுத் திறப்பில் எடுத்து, இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே அளவுக்குக் கூர்மையா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் எப்போதோ கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். எல்லாப் படத்திலும் ஃபோகஸ் எழுத்துக்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் கேமராவில் அதைத் திருத்தும் வசதி இல்லை. ஆனால் சிக்மாவுக்கு யூஎஸ்பி டாக், டாம்ரானின் புதிய லென்ஸ்களுக்கு டாப்-இன் கன்சோல் என்று தனிக் கருவிகள் உண்டு, அவற்றால் சரிசெய்யலாம். பூஞ்சை பிடித்த லென்ஸை மட்டும் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். அது கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. நல்லதாக வாங்கிய லென்ஸையும் தோல் பையில் அடைத்து அலமாரியில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் அந்த ஜெல்லை அடிக்கடி மாற்றுங்கள்.