தள்ளிப்போடுபவர்கள் கேட்ட கேள்விகள்

கல்லூரி ஒன்றில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். வேலையைத் தள்ளிப்போடுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இரண்டு வாரம் தாமதம்தான், சிரிக்காதீர்கள்.

கேள்வி: ரெக்கார்டு நோட்டு எழுத உட்கார்ந்தால் அலமாரியைத் துடைக்கப் போய்விடுகிறேன். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். அப்படியா சார்?

சோம்பேறி அலமாரிப் பக்கமே போக மாட்டான் தம்பி. வள்ளுவரே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார். மடியின்மை அதிகாரத்தில் கெடுகிறவர்கள் ஆசையாக ஏறும் கலங்கள் நான்கு என்கிறார்: நெடுநீர், மறவி, மடி, துயில். காலத்தை இழுத்தடிப்பது நெடுநீர், சோம்பல் மடி. உங்களுடையது நெடுநீர்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டில் முதல் அத்தியாயம் எட்டு மாதமாக நிற்கிறது. முதல் வரியே திருப்தியாக வரவில்லை.

ஃபைலைத் திறந்ததும் வயிற்றைக் கலக்கும், மூடினால் அடங்கிவிடும். சரிதானே? மூடியதும் கிடைக்கிற அந்த நிம்மதிதான் உங்களை மறுபடி மறுபடி மூட வைக்கிறது. ஃபுஷியா சிரோய்ஸ், டிம் பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013இல் எழுதியதும் இதுதான்: தள்ளிப்போடுகிறவர் அந்த நேரத்து மனக்கலக்கத்தைத் தணித்துக்கொள்ளப் பார்க்கிறார். அதனால்தான் எத்தனை டைம்டேபிள் போட்டாலும் உங்களுக்குப் பலிக்கவில்லை. முதல் வரியை விடுங்கள். தரவு சேகரித்த விதம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம், அங்கிருந்து தொடங்குங்கள். கைடு கண்ணில் படவே போகாத மட்டமான வரைவாக இருக்கட்டும்.

கேள்வி: எனக்குக் கடைசி நேரத்தில்தான் மூளை ஓடும். அதுவும் ஒரு வகைதானே?

அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஃபெராரி அப்படித்தான் வகைப்படுத்தினார்: பரபரப்புக்காகத் தள்ளிப்போடுபவர், பயந்து ஒதுங்குபவர், முடிவெடுக்க முடியாதவர். பியர்ஸ் ஸ்டீல் என்பவர் 2010இல் சோதித்துப் பார்த்து, இந்தப் பிரிவினை தேறவில்லை என்றார். நானும் ஸ்டீல் கட்சி. கடைசி இரவில் பிரமாதமாக எழுதியதாகச் சொல்பவர்களிடம் “திரும்பப் படித்தீர்களா?” என்று கேட்பேன். “நேரம் எங்கே சார்” என்பார்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் வாங்க ஆறு மாதமாக யூடியூபில் விமர்சனம் பார்க்கிறேன்.

மூன்று மாடல், ஒரு சனிக்கிழமை. அதோடு முடித்துவிடுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகன் காலாண்டுத் தேர்வைக் கோட்டைவிட்டான். திட்டினால் நோட்டைத் தொடுவதே இல்லை.

அம்மா, நோட்டைத் திறந்தாலே திட்டு ஞாபகம் வந்தால் யார்தான் திறப்பார்கள்? கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் இழுத்தடித்ததற்குத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அவ்வளவு இழுத்தடிக்கவில்லை. மன்னிப்பு என்றால் செல்லம் கொடுப்பதல்ல. “படிச்சியா?” என்று கேட்காமல், “இன்னைக்கு எந்தப் பாடம், எத்தனை மணிக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டித் தப்பிக்க முடியாது.

கேள்வி: வேலை மட்டுமில்லை, குளிப்பது, சாப்பிடுவதுகூடத் தள்ளிப்போகிறது. ஒரு மாதமாக எதிலும் பிடிப்பில்லை.

இதை மற்றக் கேள்விகளோடு சேர்க்க மாட்டேன். மனச்சோர்வாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே கூப்பிடுங்கள்.