இலங்கையில் மேல் மாகாணம் மட்டும் ஏன் இவ்வளவு வசதியாக இருக்கிறது?

கொழும்பு இருக்கும் மேல் மாகாணம் நிலப்பரப்பில் நாட்டின் 6 சதவீதம்கூட இல்லை, ஆனால் அங்கிருந்து நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் வருகிறது. நாட்டின் முக்கியத் துறைமுகம், வங்கித் தலைமையகங்கள், 1978இல் கட்டுநாயக்கவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம் (வரிச்சலுகையோடு ஏற்றுமதித் தொழிற்சாலைகள் இயங்கும் இடம்) எல்லாமே அங்கேதான்.

தேயிலையைப் பாருங்கள். நுவரெலியாவில் ஒரு பெண் மழையில் நனைந்து, முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கிறார். தோட்டத்துத் தொழிற்சாலையில் அது தூளாகும். அப்புறம் லாரி ஏறி கொழும்புக்குப் போகிறது. ஏலம், கலவை, பொதி கட்டுவது, கப்பலேற்றுவது எல்லாம் அங்கே. அந்த வேலைகளின் சம்பளமும் லாபமும் மேல் மாகாணக் கணக்கில் சேர்ந்துவிடும். மலைக்கு மிஞ்சுவது நாட்கூலி. 2021இல்தான் அது 1000 ரூபாய் ஆனது, அதுவும் எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு.

வடக்கின் கதை வேறு, அங்கே போர் எல்லாவற்றையும் அழித்தது. 2016 அரசுக் கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில் வறுமை 0.9 சதவீதம், கிளிநொச்சியில் 18.2. ஆனால் அதே வட மாகாணத்தின் மன்னாரில் வெறும் 1.0! அதனால் மாகாண சராசரியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், மாவட்டக் கணக்கையும் கேளுங்கள்.

சரி, இதற்கு என்ன வழி? சாலை போட்டால் மட்டும் போதாது என்பது என் கருத்து. பொருள் விளையும் ஊரிலேயே அதைப் பதப்படுத்தி, பொதி கட்டி விற்கும் வேலையும் நடக்க வேண்டும்.