தாழிக்குள் இருக்கும் மண்: ஈமக்காட்டு அகழாய்வு பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

தென்மாவட்டத்து ஈமக்காடுகளில் இருபது வருடத்துக்கு மேல் குழிக்குள் உட்கார்ந்தவன் நான். தாழி என்றால் அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை. தாழி, எலும்பு, மண் பற்றிக் கேளுங்கள். கல்வெட்டு, கோயில், புதையல் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரு தாழியை எடுக்க எத்தனை நாள் ஆகும், சார்? செய்திப் படங்களைப் பார்த்தால் ஒரே நாளில் முடிகிற வேலை போலத் தெரிகிறதே? (கல்லூரி மாணவி)

படத்தில் நீங்கள் பார்ப்பது கடைசி நாள், அம்மா. அதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் ஓடியிருக்கும்.

பத்துக்குப் பத்து மீட்டரில் குழி போட்டு, நடுவே மண்சுவர் விட்டு நாலாகப் பிரிப்போம். மேல்மண்ணைச் சீவியதும் வட்டமாக ஒரு சிவப்புக் கோடு தெரியும். அதுதான் தாழியின் விளிம்பு. அதைப் பார்த்ததும் உள்ளே கைவிடத் தோன்றும், ஆனால் விடக்கூடாது. முதலில் வெளிப்பக்கம். தாழியை இறக்க அன்றைக்கு வெட்டிய குழி எதுவரை போகிறது என்று மண்ணின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். சின்னக் கலயங்கள், அவற்றைத் தாங்கும் பிரிமனைகள், துருப்பிடித்த வாள் எல்லாம் தாழியைச் சுற்றியும் கிடக்கும்.

அப்புறம்தான் உள்ளே. மூடி பெரும்பாலும் மண்பாரம் தாங்காமல் உடைந்து உள்ளே விழுந்திருக்கும். வாய் குறுகலாக இருந்தால் குறுக்கே பலகை போட்டு, குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டுத்தான் வேலை. எலும்பு இருக்கும் இடத்தில் இரும்புக் கரண்டி ஆகாது, மூங்கில் குச்சியும் பிரஷ்ஷும்தான். குச்சி பானை ஓட்டில் பட்டால் 'டிக்' என்று கேட்கும். எலும்பில் பட்டால் சத்தமே வராது, நனைந்த பிஸ்கட்டைத் தொட்ட மாதிரி இருக்கும். அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுத்துவிடுவேன். ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் படம், வரைபடம், அளவு. அள்ளிய மண் முழுக்கப் பைக்குப் போகும். சலித்து, தண்ணீரில் போட்டால் கரியும் விதையும் மிதந்து மேலே வரும்.

மண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்.

தோட்டத்தில் ஜேசிபி ஓடும்போது பெரிய பானை வாய் ஒன்று தெரிந்தது. மேல்மண்ணை அள்ளிவிட்டு உள்ளே பார்க்கலாமா? (விவசாயி)

வேண்டாம். வண்டியை நிறுத்துங்கள். படம் எடுத்துக்கொண்டு, வாயைச் சாக்கால் மூடி, வி.ஏ.ஓ.விடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். தொல்லியல் துறைக்குத் தகவல் போகும். புதைந்து கிடக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம். தாழி கிடைத்ததாலேயே நிலம் தானாகப் பறிபோய்விடாது. அந்தப் பயத்தில்தான் பலர் ராத்திரியோடு ராத்திரியாக உடைத்து மூடுகிறார்கள்.

ஒருமுறை ஒரு பெரியவர் நாங்கள் வருகிறோம் என்று கேள்விப்பட்டு, மரியாதைக்காகத் தாழியைச் சுத்தமாகக் கழுவித் திண்ணையில் வைத்திருந்தார். பானை பளபள என்று இருந்தது. நாங்கள் தேடி வந்ததெல்லாம் வாய்க்காலோடு போய்விட்டது.

தாழிக்குள் தங்கம் இருக்குமா?

தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன, உண்மைதான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். நான் திறந்தவற்றில் உமியும் துருவும்தான்.

ஆதிச்சநல்லூருக்குக் கி.மு. 905 என்கிறார்கள், சிவகளைக்கு 1155 என்கிறார்கள், இப்போது 3345 என்கிறார்கள். எதை நம்புவது?

மூன்றும் வேறு வேறு மாதிரிகளின் வயது, அதனால் ஒன்றை ஒன்று பொய்யாக்காது. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டியபோது கிடைத்த இரண்டு மாதிரிகளுக்குத்தான் கி.மு. 905, கி.மு. 696 என்று வந்தது. முடிவு வெளியானது 2019இல். சிவகளையின் 1155 ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் வயது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் வந்தது 3345. அதுவும் சிவகளைதான், ஆனால் கரித்துண்டின் வயது.

எனக்கு நெல்தான் பிடிக்கும். நெல் ஒரு போகத்துப் பயிர். விளைந்த வருடமும் தாழிக்குள் போன வருடமும் ஏறக்குறைய ஒன்றுதான். கரி அப்படியில்லை. முந்நூறு வருடம் நின்ற மரத்தின் நடு வைரம் எரிந்திருந்தால், புதைத்த நாளை விட முந்நூறு வருடம் பழைய தேதிதான் வரும். அதனால் ஒரு கரித்துண்டை வைத்து ஆடவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். சிவகளையில் பானை ஓடுகளையும் ஒளிர்வு முறையில், அதாவது ஓட்டுக்குள் இருக்கும் மணல் துகள் விடும் ஒளியை வைத்து வயது கணிக்கும் முறையில் அளந்திருக்கிறார்கள். அதுதான் சரியான வழி, ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.

எலும்பையே அளக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் வயதை அளக்கத் தேவையான கொலாஜன் என்ற புரதம் எலும்பில் மிஞ்சுவதே அபூர்வம். மிஞ்சியதன் மேலும் யாராவது பசை தடவிவிடுவார்கள். மாதிரி எடுக்கும் முன்னால் எலும்பில் எதையும் தடவாதீர்கள்.

எங்கள் நிலத்திலும் ஒரு பானை...

மேலே விவசாயிக்குச் சொன்னதேதான்.

சாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் கிழவர்களை உயிரோடு தாழிக்குள் உட்காரவைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடுவார்கள் என்று பாட்டி சொல்வார். அதனால்தானே முதுமக்கள் தாழி?

இந்தக் கதை எல்லா ஊரிலும் உண்டு. மண் அதற்குச் சாட்சி சொல்வதில்லை. பல தாழிகளில் கை கால் எலும்புகளை விறகு போல அடுக்கி, மேலே மண்டையோட்டை வைத்திருக்கிறார்கள். வேறெங்கோ சதை போன பிறகு பொறுக்கி வந்த எலும்புதான் அப்படி இருக்கும். முதுமக்கள் என்றால் முன்னோர் என்று கொண்டாலே போதும்.

(அதே நபர்) ஆதிச்சநல்லூரில் முழு எலும்புக்கூடே குந்திய நிலையில் கிடைத்ததே? அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். 2004-05இல் அப்படியும் கிடைத்தது, சிலவற்றில் தாழி மேல் தாழி கவிழ்த்திருந்தது. ஆனால் குந்தவைக்க உயிர் வேண்டியதில்லை. இறந்த சில மணி நேரத்துக்குள் உடலை மடக்கலாம். விறைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் விறைப்பு விடும், அப்போதும் மடக்கலாம்.

(இன்னொருவர்) உயிரோடு வைக்கவில்லை என்று மட்டும் எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்? நீங்கள் அங்கே இருந்தீர்களா?

பல்லைக் கேட்டுத்தான் சொல்கிறேன். நான் திறந்த ஒரு தாழியில் ஞானப்பல் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. கிழவரா அவர்? இன்னொன்றில் இரண்டு கீழ்த்தாடைகள், ஒன்றில் பால்பல். கீழடிக்காரர்களின் ஈமக்காடான கொந்தகையில் குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் கிடைத்திருக்கின்றன. தாழியைக் கிழவர்களுக்கான கூண்டு என்று சொன்னால் இந்தப் பிள்ளைகளை எங்கே வைப்பது? சுடுவது, இடுவது, தாழியில் கவிப்பது என்று இறந்தவரை அடக்கும் ஐந்து முறைகளை மணிமேகலை அடுக்குகிறது. உயிரோடு அடைப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

(அதே நபர்) சோறு வைத்தது?

வைத்தார்கள். இறந்தவருக்குப் படைப்பது இன்றைக்கும் நடக்கிறதே.

மண்டையோட்டை வைத்து அவர்கள் எந்த இனம், எந்தச் சாதி என்று சொல்ல முடியுமா?

சாதி எலும்பில் இல்லை. அடுத்த கேள்வி.

கறுப்பு-சிவப்புப் பானைக்கு இரண்டு சாயமா?

சாயமே இல்லை. கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்று படாத உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுக்கும், பட்ட இடம் சிவக்கும்.

எங்கள் ஊர்ப் பாறையில் ஏதோ எழுத்து...

கல்வெட்டு. வேறு ஆள்.

ஜேசிபி தோண்டும்போது பானை வந்தால் என்ன செய்ய?

மூன்றாவது தடவை. மேலே பாருங்கள், தம்பி. மண்ணை அள்ளாதீர்கள்.

(பாட்டி கதை கேட்டவர்) சரி சார், பாட்டியிடம் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னார் தெரியுமா? எங்கள் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதே அப்படி ஒரு தாழியில்தான். தாத்தா கிணறு வெட்டும்போது கிடைத்ததாம்.

உள்ளே மண் இருந்திருக்குமே. என்ன செய்தார்கள்?

(அதே நபர்) பாட்டியைக் கேட்டேன். தென்னைக்கு அணைத்தார்களாம். நல்ல காய்ப்பாம்.

எந்தத் தென்னை? மரம் இன்னும் நிற்கிறதா? நின்றால் அடியைக் கிளற வேண்டாம். நான் சல்லடையோடு வருகிறேன்.